அன்னபேதியும் எலுமிச்சம்பழமும்

அரவக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஆறு. தோட்டத்து அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்லோடு காத்திருந்தார். முன்னால் இரண்டு காலிச் சாக்கு, பின்னால் நான். நாலு கிலோமீட்டர் போவதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் முருங்கை. செம்மண்ணில் வரிசை பிடித்து நிற்கும் மரங்கள், பனி கோத்த இலைகள், நடுநடுவே வெள்ளைப் பூங்கொத்து. கரூர் மாவட்டத்தின் இந்தப் பகுதி முருங்கைக்குப் பேர்போனது. காய்க்காகத்தான் எல்லோரும் வைத்தார்கள். வரத்து கூடிக் காய் விலை சரிந்த வருடங்களில் சிலர் இலைக்கு மாறினார்கள். இந்த அண்ணனும் அப்படி மாறியவர்தான். இவர் தோட்டத்து இலை காய்ந்து தூளாகி, டப்பாவில் அடைபட்டு ஊர் ஊராகப் போகிறது.

அப்படி ஒரு டப்பா என் சமையலறையிலும் இருக்கிறது. அதனால்தான் வந்தேன்.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு இரைத்தது. உலை வைக்கும்போது என்னை அறியாமல் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். அதுவே ரத்தசோகையின் அடையாளம் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். குமட்டலும் மலச்சிக்கலும் தாங்காமல் பத்தே நாளில் நிறுத்திவிட்டு, ரசாயனம் எதற்கு, இலையில் இல்லாத சத்தா என்று முருங்கை இலைத் தூளுக்கு மாறினேன். தினமும் காலையில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலக்கிக் குடிப்பேன். அந்தக் கசப்பு போக உடனே ஒரு டம்ளர் காபி. மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. மறுபடி பரிசோதித்தபோது 9.3.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நான் ஏறி வந்த பஸ்ஸில் பாதிப் பெண்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். முருங்கை முளைக்காத கொல்லையே இல்லாத ஊரில் இது எப்படி? தூளில் குறையா, இலையில் குறையா, நான் குடித்த முறையில் குறையா? மண்ணிலிருந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

தோட்டத்துக்குள் ஆறேழு பெண்கள் அரிவாளோடு கொத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். இலைக்கென்று நெருக்கமாக வைத்த செடிகள், என் இடுப்பு உயரத்துக்கு மேல் விடுவதில்லை. ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். வெயில் ஏறுவதற்குள் அறுத்து நிழலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

தோட்டத்தின் வடக்கு மூலைக்குப் போனபோது அண்ணன் நின்றார். அங்கே செடிகளின் நுனி இலைகள் மட்டும் வெளிறிக் கிடந்தன. ஒரு கொத்தை வளைத்துக் கையில் கொடுத்தார். நரம்பு பச்சையாக இருக்கிறது, நரம்புக்கு நடுவே எல்லாம் மஞ்சள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றுமில்லை, துளிர்கள்தான் இப்படி.

"இது என்ன நோயிங்கண்ணா?"

"நோயில்லீங்க அம்மிணி. இரும்புச்சத்து பத்தல."

என் காலடியில் மண் செக்கச்செவேல் என்று இருந்தது. அந்தச் சிவப்பே இரும்புத் துருவின் நிறம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. கேட்டேன்.

"மண்ணுல இல்லாமயாங்க? வேணுங்கற மட்டும் கெடக்குது. ஆனா செடிக்கு எட்ட மாட்டீங்குது." மண்வெட்டியால் ஓரமாக ஓர் அடி தோண்டிக் காட்டினார். செம்மண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். சுக்கான்கல். அந்த மூலையில் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரையாமல் பாறை போலக் கிடக்கும். வேர் நீரில் கரைந்ததைத்தான் உறிஞ்சும், கரையாததை அதனால் தொட முடியாது. இரும்பு மலை மேல் நட்டாலும் செடி பட்டினிதான்.

அந்த மஞ்சள் துளிரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். மூன்று மாதமாக எனக்கு நடந்ததும் அதுவே என்று அப்போதுதான் உறைத்தது.

பம்ப் ரூம் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மூலையில் பிளாஸ்டிக் பை நிறைய வெளிர்பச்சைக் கற்கண்டு போல ஒன்று. அன்னபேதி. வேதியியலில் சொன்னால் பெரஸ் சல்பேட். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் போட்டு இலை மேல் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பிவிடும் என்றார். பிறகு, "ஒண்ணு பாருங்க" என்று இரண்டு வெள்ளை மக்கில் போர்த் தண்ணீர் பிடித்தார். இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை அன்னபேதி. ஒன்றில் மட்டும் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். இரண்டையும் திண்ணையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது எலுமிச்சை பிழிந்த மக்கில் தண்ணீர் தெளிவாக, லேசான பச்சை ஓடி இருந்தது. மற்றது கலங்கி, பழுப்பேறி, அடியில் துருப் பொடி படிய ஆரம்பித்திருந்தது. உப்புத் தண்ணீரில் இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகிவிடுகிறது. எலுமிச்சையின் புளிப்பு அதைத் துருவாக விடாமல், கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. கரைந்திருப்பதுதான் இலைக்குள் இறங்கும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தெளிப்பு முறையிலும் இந்தச் சேர்மானம் உண்டு, எலுமிச்சைக்குப் பதில் சிட்ரிக் அமிலம் சொல்வார்கள். அண்ணன் வீட்டு மரத்தில் பழம் இருக்கும்போது எதற்குக் காசு என்று பழத்தையே பிழிகிறார்.

அதே அன்னபேதிதான் சித்த மருத்துவத்தில் ரத்தசோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரமாகிறது. அதையும் எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைத்துத்தான் புடம் போடுகிறார்கள். அதைக் கொடுக்கும்போது நெல்லிக்காய் லேகியத்தையும் மாதுளை மணப்பாகையும் துணைக்குச் சேர்ப்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 180 நாளைக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரைக்குள் இருப்பதும் இந்த பெரஸ் சல்பேட்தான். செடிக்கும் செந்தூரத்துக்கும் மாத்திரைக்கும் மூலம் ஒரே உப்பு. எது ரசாயனம், எது இயற்கை என்று நான் போட்டு வைத்திருந்த கோடு அந்தத் திண்ணையிலேயே அழிந்துபோனது.

ஒன்பது மணிக்கு உலர்த்தும் கொட்டகை. ஓலைக் கூரை, சுற்றிலும் பச்சை வலை, உள்ளே அடுக்கடுக்காக வலைத் தட்டுகள். வந்த கொத்தை மூன்று தண்ணீரில் அலசி, நீர் வடித்து, இலையை உருவித் தட்டில் மெலிதாகப் பரப்புகிறார்கள். மண் ஒட்டியிருந்தால் பரிசோதனையில் இரும்பு அதிகமாகக் காட்டும், அது இலையின் இரும்பு இல்லை, தூசியின் இரும்பு என்று அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னார். மூன்றாவது நாள் இலை உள்ளங்கையில் நொறுங்க வேண்டும், நிறம் மட்டும் பச்சையாகவே இருக்க வேண்டும். வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும், ஆனால் வெளுத்துவிடும். வைட்டமின் ஏ ஆகும் சத்து போய்விடும். தாது உப்புக்கு வெயிலும் நிழலும் ஒன்றுதான். இரும்பும் கால்சியமும் ஆவியாகிப் போகிற பொருளில்லை.

கொட்டகைத் தராசில் என் ஸ்பூனை வைத்து நிறுத்துப் பார்க்கக் கேட்டேன். கையோடு கொண்டுபோயிருந்தேன். தட்டி நிரப்பினால் நாலு கிராம்.

டப்பாவின் மேல் அச்சடித்திருந்தது ஞாபகம் வந்தது: பாலைவிட 17 மடங்கு கால்சியம், கீரையைவிட 25 மடங்கு இரும்பு. அது எடைக்கு எடை போட்ட கணக்கு. நூறு கிராம் தூளில் சுமார் 2000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, நூறு மில்லி பாலில் 120. சரிதான். ஆனால் பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீர் போனால் மிச்சம் எல்லாம் நாலைந்து மடங்காகத் தெரியத்தானே செய்யும்! அதுவும் யார் நூறு கிராம் தூளைத் தின்கிறார்கள்? நான் குடித்தது நாலு கிராம். அதில் 80 மில்லிகிராம் கால்சியம், ஒரு மில்லிகிராமை ஒட்டிய இரும்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தபடி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1000 மில்லிகிராம் கால்சியம், 29 மில்லிகிராம் இரும்பு. அந்த இரும்பிலும் நம் சாப்பாட்டிலிருந்து உடலில் சேர்வது நூற்றுக்கு எட்டுதான் என்று கணக்கு வைத்துத்தான் 29 என்று போட்டிருக்கிறார்கள். என் ஸ்பூனில் எனக்குச் சேர்ந்திருக்கக்கூடியது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் மேல் காபி வேறு. டீயில், காபியில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு குடித்த டீ, சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும்.

இன்னொன்றும் அந்தக் கொட்டகையில் விளங்கியது. பச்சை முருங்கை இலையில் வைட்டமின் சி ஏராளம், நூறு கிராமுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல். காயும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. வைட்டமின் சிதான் வயிற்றுக்குள் எலுமிச்சம்பழத்தின் வேலையைச் செய்கிறது, இரும்பைத் துருவாக விடாமல் கரைந்த நிலையில் வைக்கிறது. ஆக, தூளுக்குள் இரும்பு பத்திரமாக இருக்கிறது, அதைக் கைப்பிடித்து ரத்தத்துக்குள் கூட்டிப்போக வேண்டிய துணைதான் கொட்டகையிலேயே கழன்றுகொள்கிறது. தூள் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். பச்சை இலை கிடைக்காத ஊரில் அது ஒரு வரம். சாம்பாரில் போட்டு, அடைமாவில் கலந்து, எலுமிச்சை பிழிந்து உண்ணலாம். மாத்திரைக்கு மாற்று என்று விற்பதுதான் தப்பு.

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவர் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நான் போனபோது வேலியில் படர்ந்த பிரண்டையை ஒடித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் நல்லெண்ணெய் பளபளத்தது.

"தொடாத கண்ணு, அரிக்கும். மொதல்ல எண்ணெயத் தடவிக்க."

பிரண்டை எலும்புக்கு நல்லது, கால்சியம் நிறைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கையை அரிக்க வைப்பதும் அதே கால்சியம்தான். ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகத் தண்டுக்குள் நிற்கிறது. அந்த ஊசிதான் தோலில் குத்துகிறது. ஆத்தா கணுவையும் நாரையும் எடுத்துவிட்டு, இளம் தண்டை எண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்கி, புளியும் மிளகாயும் உளுந்தும் வைத்து அம்மியில் அரைத்தார். நாக்கில் ஒரு துளி அரிப்பு இல்லை.

ஆனால் இப்படி ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து ஆக்சலேட்டாகக் கட்டுண்ட கால்சியம் குடலில் லேசில் பிரியாது. பாலக் கீரைதான் இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம். பாலில் உள்ள கால்சியத்தில் நூற்றுக்கு முப்பதை ஒட்டி உடலில் சேர்கிறது, பாலக்கில் நூற்றுக்கு ஐந்துதான். பட்டியலில் இலையின் எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்கக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் நூறு கிராம் கேழ்வரகுக்கு 364, முருங்கை இலைக்கு 314, அகத்திக்கு 900 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருக்கிறது. கறிவேப்பிலைக்கு 659. ஆனால் தாளித்த பத்து இலையைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு எழுந்தால் அந்த 659 யாருக்கு? பொடியாக இடித்து, சோற்றில் பிசைந்து உண்டால்தான் கணக்கில் வரும்.

அடுப்பில் இரும்பு வாணலி. இரண்டு கை முருங்கை இலை, சின்ன வெங்காயம் ஒரு பிடி, பூண்டு, வேகவைத்த பாசிப்பருப்பு. இலை சுருண்டதும் வாணலியை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சை பிழிந்தார். ஏன் ஆத்தா, அடுப்பில் இருக்கும்போதே பிழியக் கூடாதா என்று கேட்டேன். "கசந்து போயிரும் கண்ணு." அவர் சொன்னது ருசிக்காக. கொதிக்கும் சூட்டில் வைட்டமின் சி கெடும் என்பது என் மனதில் ஓடிய கணக்கு. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், வெங்காயமும் பூண்டும் சேர்த்தால் தானியத்தில், பருப்பில் இருக்கும் இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகப் பிரிந்து வருகின்றன என்று கண்டிருக்கிறார்கள். ஆத்தா கம்பங்கூழுக்குக் கடித்துக்கொள்ள உரித்து வைத்த சின்ன வெங்காயத்தைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. கூழ் முந்தின நாள் கரைத்து வைத்துப் புளித்தது. தானியத்தின் தோலில் இருக்கும் பைட்டிக் அமிலம் தாது உப்புகளைப் பூட்டி வைக்கும். புளிக்க வைத்தாலும் முளைகட்டினாலும் அந்தப் பூட்டு தளரும்.

எல்லாக் கீரையும் எல்லோருக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் கீரையின் பொட்டாசியம் ஆபத்து. கல் அடைப்பு உள்ளவர்கள் ஆக்சலேட் மிகுந்த கீரைகளை மருத்துவரிடம் கேட்டுத்தான் உண்ண வேண்டும். சாக்கடைத் தண்ணீர் ஓடும் கரையில் விளைந்த கீரை, இரும்போடு ஈயத்தையும் சேர்த்தே உறிஞ்சி வைத்திருக்கும். விளைந்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் மருமகள் டீ கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் போகட்டும் அக்கா என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணம் சொன்னேன். எங்க வீட்டுல எல்லாரும் சோறு தின்ன கையோட டீ குடிக்கிறவங்கதான் என்று அவரும் அந்த டம்ளரை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டார். இலை உருவும் பெண்களில் இரண்டு பேருக்கு முகாமில் ரத்தம் குறைவு என்று சொல்லியிருக்கிறார்களாம். நாள் முழுக்க முருங்கை இலைக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மாத்திரை வாங்கினீர்களா என்று அவர்களிடம் கேட்டேன். ஒருவர் வாங்கி வைத்திருக்கிறார், போடுவதில்லை. காரணம் என் காரணமே: வயிற்றைப் புரட்டுகிறது.

ஆத்தாதான் அதற்குப் பதில் சொன்னார். "கெணறு வத்திப் போச்சுன்னா லாரித் தண்ணி வாங்கித்தான் ஊத்தோணும். அப்பறம் மழை பேஞ்சு ஊத்துக்கண்ணு தொறந்தாத்தான் தண்ணி நிக்கும். ரெண்டும் வேணும் சாமி."

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. நூறு கிராம் பச்சை முருங்கை இலையில் நாலரை. ஒரு மாத்திரையின் இரும்புக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இலை வேண்டும். அடிமட்டத்துக்கு வற்றிய உடம்பை இலையால் மட்டும் நிரப்ப முடியாது. நிரம்பிய பிறகு மறுபடி வற்றாமல் காப்பது இலையும் கூழும் எலுமிச்சையும்தான். மாத்திரை புரட்டினால் டாக்டரிடம் சொல்லி அளவையோ நேரத்தையோ மாற்றிக்கொள்ளலாம், சாப்பிட்ட பிறகு போடலாம், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. அந்த இரண்டு பெண்களிடமும் இதைச் சொன்னேன். ஒன்பது மாதத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது ஆத்தா பெரிய கொத்தாக ஒடித்துக் கொடுத்தார். "ராத்திரி ஆக்கிராத. துணில சுத்தி வெச்சுரு, காலைல ஆயற வேலை இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணியில் கொத்தைச் சுற்றி மூலையில் வைத்தேன். காலையில் பிரித்து உதறினால் இலையெல்லாம் தானாகக் கழன்று துணியில் கிடந்தது, காம்பு மட்டும் தனியே. டாக்டரிடம் போய்ப் புதிதாக எழுதி வாங்கி வந்த மாத்திரை அட்டை இப்போது எலுமிச்சம்பழக் கூடைக்குள் இருக்கிறது. காபி பதினோரு மணிக்கு.